ஹார்லம் கண்ட கலை மறுமலர்ச்சி

ஒரு மக்கட் கூட்டத்தின் பேச்சையும் பாட்டையும் பிறர் இழித்துரைப்பது உலக வரலாற்றிற் புதிதன்று. அவ்வாறு இழிக்கப்பட்டவற்றை அம்மக்களுட் கற்றோரே நாணி ஒதுக்குவது அதனினுங் கொடிது. ஒதுக்கப்பட்ட அப்பேச்சையும் பாட்டையும் கையிலெடுத்து, அவற்றிலிருந்தே உயர்ந்த கலையை ஆக்கிக் காட்டினர் அமெரிக்க நாட்டு இளைஞர் சிலர். 1920ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் நியூயோர்க் மாநகரின் வடபாலுள்ள ஹார்லம் என்னும் பகுதியை நடுநிலையமாகக் கொண்டு அவர்கள் ஆற்றிய பணியை 'ஹார்லம் மறுமலர்ச்சி' என வரலாற்றாசிரியர் வழங்குவர்.

அமெரிக்காவில் அடிமை முறை 1865ஆம் ஆண்டில் அரசியலமைப்புத் திருத்தத்தினால் ஒழிக்கப்பட்டது. எனினும் தென் மாநிலங்களில் வாழ்ந்த கறுப்பின மக்களுக்கு விடுதலை பெரும்பாலும் பெயரளவிலேயே நின்றது. பிறர் நிலத்திற் பருத்தி பயிரிட்டு, விளைவிற் பங்கு பெற்று, கடனில் மூழ்கி வாழ்ந்தோர் பலர். வாக்குரிமை பல சூழ்ச்சிகளாற் பறிக்கப்பட்டது. பள்ளிக்கூடம், புகைவண்டி, உணவுச்சாலை முதலியன நிறத்தாற் பிரிக்கப்பட்டன. அப்பிரிவினை சட்டத்துக்கு முரணன்று என நாட்டின் உச்ச நீதிமன்றமே 1896இல் தீர்ப்பளித்தது. முதலாம் உலகப் போர் மூண்டதும் ஐரோப்பாவிலிருந்து தொழிலாளர் வருகை குன்றிற்று. வடக்கிலிருந்த ஆலைகள் ஆள் தேடின. தென்னாட்டுக் கறுப்பின மக்கள் திரள் திரளாக வடக்கு நோக்கிப் புறப்பட்டனர். 1916 முதல் 1970 வரை இவ்வாறு இடம்பெயர்ந்தோர் தொகை ஏறக்குறைய 60 இலட்சம் என்பர். ஹார்லத்தில் வெள்ளையருக்கென அளவுக்கு மிஞ்சிக் கட்டப்பட்ட மாடி வீடுகள் குடியிருப்பாரின்றிக் கிடந்தமையால், அவை இவர்களுக்கு வாடகைக்குக் கிடைத்தன. உழவரும் வைத்தியரும், சலவைத் தொழிலாளரும் புலவரும் ஒரே வீதியில் வாழும் நிலை ஆங்கு உண்டாயிற்று.

இவர்கள் கொண்டுவந்த பொருட் செல்வம் சிறிது. கலைச் செல்வமோ பெரிது. அடிமைக் காலத்திற் பிறந்த பத்திப் பாடல்கள், தாளக் கட்டு மிக்க நடனங்கள், வீட்டுத் திண்ணைகளிற் சொல்லப்பட்ட கதைகள், 'புளூஸ்' எனப்படும் துயரப் பாடல்கள் என்பன அச்செல்வத்துட் சில. புளூஸ் பாடலின் அமைப்பு எளியது. முதலடியில் ஒரு துன்பம் சொல்லப்படும். இரண்டாமடி அதனையே பெரும்பாலும் மீட்டுரைக்கும். மூன்றாமடி அதற்கு விடையாகவோ எள்ளலாகவோ வந்து முடிக்கும். அழவேண்டிய இடத்திற் சிரிப்பைப் பிறப்பிக்கும் ஆற்றல் அதற்குண்டு.

இச்செல்வத்தின் மதிப்பை உலகுக்கு முதன்முதல் உணர்த்தியோர் ஒரு கல்லூரியின் மாணவரே என்பது இவ்விழா மலரில் நினைக்கத்தக்கது. விடுதலை பெற்றோரின் கல்விக்காக நாஷ்வில் நகரில் 1866இல் திறக்கப்பட்ட பிஸ்க் கல்விச்சாலை சில ஆண்டுகளில் வறுமையால் மூடப்படும் நிலையை எய்தியது. 1871இல் அதன் மாணவர் ஒன்பதின்மர் பாடிப் பொருள் திரட்டப் புறப்பட்டனர். தொடக்கத்தில் அவர்கள் ஐரோப்பியப் பாடல்களையே பெரிதும் பாடினர். தம் பெற்றோரின் பாடல்களை அயலார் முன் பாட அவர்களுக்கு மனமெழவில்லை. அவை அடிமை வாழ்வின் நினைவோடு பிணைந்தவை, வழிபாட்டுக்குரியவை எனக் கருதினர். அப்பாடல்களைப் பாடத் துணிந்த பின்னரே அவையோர் உள்ளம் உருகிற்று, பொருளும் சேர்ந்தது. 1873இல் விக்டோரியா மகாராணியார் முன்னும் பாடினர். அவர்கள் ஈட்டிய பொருளால் எழுந்த கட்டடம் 'ஜூபிலி மண்டபம்' என்னும் பெயரோடு இன்றும் நிற்கின்றது.

பிஸ்க் மாணவர் எதிர்ப்பட்ட ஐயமே ஐம்பது ஆண்டுகளின் பின் ஹார்லத்து எழுத்தாளரையும் எதிர்ப்பட்டது. அறிஞர் டு போய்ஸ் 1910 முதல் ஆசிரியராயிருந்த 'கிறைசிஸ்' என்னும் சஞ்சிகையும், 1923இல் தோன்றிய 'ஒப்பர்சூனிற்றி' என்னும் சஞ்சிகையும் இளைஞர் எழுத்துக்கு இடமளித்தன. பரிசுப் போட்டிகளையும் நடத்தின. தத்துவப் பேராசிரியர் அலன் லொக் 1925இல் அவ்வெழுத்துக்களைத் தொகுத்து 'புதிய நீக்ரோ' எனப் பொருள்படும் பெயரால் நூலாக்கினார். இம்மூத்தோருட் பலர், தம்மவர் சிறந்த கலையை ஆக்குவாராயின் வெள்ளையர் மதிப்புப் பெருகும், உரிமையும் கிட்டும் என நம்பினர். ஆதலின் குடியும் சூதும் கொச்சைப் பேச்சும் ஏட்டில் ஏறுவதை அவர்கள் விரும்பவில்லை. அவர்களது அச்சம் காரணமற்றதன்று. கறுப்பின மக்களைக் கோமாளிகளாகக் காட்டும் நாடகமேடையை அவர்கள் நெடுங்காலம் கண்டு நொந்தவர்கள்.

மரபு வழிப்பட்ட யாப்பில் எழுதியோரும் வென்றனர் என்பதை மறத்தலாகாது. ஆங்கிலக் கவிஞர் கீற்சைப் போற்றிய கவுன்ரே கலன் செப்பமான பாக்களை யாத்தார். யமேக்காவிற் பிறந்த குளோட் மக்கே, கறுப்பின மக்கள் பல நகரங்களில் தாக்கப்பட்ட 1919ஆம் ஆண்டில், பதினான்கடி கொண்ட சொனற் யாப்பிலே எதிர்ப்புக் குரலை எழுப்பினார்.

ஆயினும் புதுவழி கண்டவர் லாங்ஸ்ரன் ஹியூஸ். கப்பலிலும் உணவுச்சாலையிலும் ஊழியஞ் செய்த இவர், புளூஸ் பாடலின் அமைப்பையே கவிதை யாப்பாகக் கொண்டார். 1926ஆம் ஆண்டு யூன் மாதத்தில் 'நேஷன்' என்னும் வார இதழில் இவர் எழுதிய கட்டுரை அவ்வியக்கத்தின் கொள்கை விளக்கம் எனலாம். தம்மைக் கறுப்பினப் புலவர் என்னாது புலவர் என்று மட்டுமே உலகம் கொள்ளவேண்டும் என விரும்பிய ஓர் இளைஞரை அதிலே குறிப்பிட்டு, அவ்விருப்பத்தின் அடியில் வெள்ளையராகும் ஆசை ஒளிந்திருக்கின்றது என வாதித்தார். அடுத்த ஆண்டு வெளிவந்த இவரது கவிதைத் தொகுதியைக் கறுப்பினப் பத்திரிகைகள் சில கடுமையாகத் தாக்கின. இவர் தளர்ந்தாரல்லர்.

சோரா நீல் ஹேர்ஸ்ரன் என்னும் பெண்மணி அதே பணியை உரைநடையிற் செய்தார். கறுப்பின மக்களே ஆட்சி நடாத்திய ஈற்றன்வில் என்னும் சிற்றூரில் வளர்ந்த இவர், நியூயோர்க்கில் மானிடவியல் அறிஞர் பிரான்ஸ் போவாசிடம் பயின்றார். பின் தென்னாட்டுக்கு மீண்டு, கதைகளையும் பாடல்களையும் சொல்வோர் வாய்ச்சொல்லாகவே திரட்டி 1935இல் வெளியிட்டார். 1937இல் வந்த இவரது நாவலில் மாந்தர் அவ்வூர்ப் பேச்சிலேயே உரையாடுவர். அஃது அம்மக்களைக் கேலிப்பொருளாக்குகின்றது என ரிச்சட் றைற் என்னும் எழுத்தாளர் கண்டித்தார். 1960இல் வறுமையில் இறந்த ஹேர்ஸ்ரனின் புதைகுழி பெயர்க்கல்லுமின்றிக் கிடந்தது. எழுத்தாளர் அலிஸ் வோக்கர் 1973இற் சென்று கல் நாட்டினார். இன்று அந்நாவல் அமெரிக்கக் கல்லூரிகளிற் பாடநூலாகப் பயிலப்படுகின்றது.

தம்மவரின் தடையோடு அயலார் விதித்த தடையும் ஒன்றிருந்தது. பொருளுதவிய செல்வர் சிலர், இக்கலைஞர் நாகரிகந் தீண்டாதோராகவே தோன்றுதல் வேண்டுமென எதிர்பார்த்தனர். ஹியூஸ் தம்மை ஆதரித்த சீமாட்டியாரிடமிருந்து 1930இல் பிரிந்தமைக்கு இதுவும் ஒரு காரணம். ஹார்லத்திலிருந்த 'கொற்றன் கிளப்' என்னும் கேளிக்கை மண்டபத்தில் மேடையேறியோர் கறுப்பினத்தார். இருந்து கேட்டோரோ வெள்ளையர். காடும் பருத்தித் தோட்டமுமே ஆங்குக் காட்சித் திரைகளாயின. அம்மேடையிலே 1927 முதல் 1931 வரை வாத்தியக் குழுவை நடத்திய டியூக் எலிங்ரன், வானொலி வழியாக நாடெங்கும் அறிமுகமானார். தம் குழுவில் ஒவ்வொருவரின் ஒலியியல்பையும் அறிந்து, அவரவர்க்கென்றே இசையை எழுதியது இவரது தனிச்சிறப்பு. 1943இல் கார்ணகி மண்டபத்திலே தம் இனத்தின் வரலாற்றை நெடிய இசைப் படைப்பாக அரங்கேற்றினார். 1963இல் அமெரிக்க அரசின் கலைத் தூதராகக் கீழைநாடுகளைச் சுற்றியபோது இலங்கைக்கும் வருகை தந்தார். 1965இல் இவருக்குச் சிறப்பு விருதளிக்க நடுவர் பரிந்துரைத்ததைப் புலிற்சர் பரிசுச் சபை ஏற்கவில்லை. இவர் மறைந்து 25 ஆண்டுகளின் பின், 1999இல், அச்சபையே சிறப்பு விருதளித்தது.

ஓவியத்தில் இவ்வியக்கத்தின் முதல்வர் ஆரன் டக்ளஸ். நிழலுருவான மாந்தர் மீது வட்ட வட்டமாக ஒளி விரிவதாக இவர் வரைவார். 1934இல் ஹார்லம் நூலகத்துக்கு இவர் தீட்டிய நான்கு பேரோவியங்களும் ஆபிரிக்காவிலிருந்து மாநகர் வரையுள்ள நெடும்பயணத்தைக் கூறுவன. பின்னர் இவர் முற்கூறிய பிஸ்க்கிலே ஓவியத்துறையை அமைத்து, 1966 வரை ஆசிரியராயிருந்தார்.

1929இல் நேர்ந்த பொருளாதார வீழ்ச்சி ஹார்லத்தை வாட்டியது. உதவிய கைகள் சுருங்கின. கலைஞர் பலர் பிரிந்தனர். கலை வளர்ந்தால் உரிமை தானே வரும் என்ற மூத்தோர் நம்பிக்கை அவ்வாறே நிறைவேறவில்லை. உரிமைக்கு நெடும்போராட்டம் வேண்டியிருந்தது. ஆயின் படைப்புகள் அழியவில்லை.

மாணவர் ஈண்டு ஒன்று கருதுதல் நன்று. ஹியூசும் ஹேர்ஸ்ரனும் கல்லாதாரல்லர். இருவரும் பட்டம் பெற்றவர்கள். கல்வி அவர்களைத் தம் பாட்டியரின் பேச்சுக்கு வெட்கப்படச் செய்யவில்லை. அதனை முன்னினும் கூர்ந்து கேட்கவே செய்தது. ஊரிலே இன்னும் ஏட்டில் ஏறாத பாட்டையும் கதையையும் அறிந்த முதியோர் எங்கும் உளர். அவர்கள் முன் ஏட்டோடும் எழுதுகோலோடும் பணிந்து அமர்வது கற்றவனுக்கு இழுக்கன்று. அவன் கற்றதற்கு அதுவே பயன்.