தலையில் 'கரண்ட்' வைப்பது: எந்தக் கரண்ட்?

ஈஜிபுராவில் எங்கள் தெருவில் குடியிருக்கும் தருமபுரிக்கார அம்மா ஒருவர் ஒருநாள் மாலை வீட்டுக்கு வந்தார். "அண்ணா, பையனுக்குத் தலையில கரண்ட் வைக்கலாம்னு டாக்டர் சொல்றாங்க. பயமா இருக்கு. ஊருக்கே கூட்டிட்டுப் போயிடவா?" என்றார். மாத்திரை சாப்பிட்டும் அந்தப் பையன் காதில் யாரோ பேசும் குரல் நிற்கவில்லை.

நான் மருத்துவன் அல்லன்; மின்துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். ஆகவே, "எந்தக் கரண்ட்?" என்றுதான் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. நம்மில் பலருக்கும் தெரியாது.

சினிமாவில் காட்டும் 'ஷாக்' என்பது ஈ.சி.டி. 1938இல் ரோமில் தொடங்கியது. சுமார் 800 மில்லி ஆம்பியர் மின்துடிப்புகளைச் சில நொடிகள் செலுத்தி, மூளையில் ஒரு வலிப்பை உண்டாக்குவார்கள். மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் இல்லாமல் இதைச் செய்யக்கூடாது என்பது 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம். கடும் மனச்சோர்வில் இது உயிரையே காக்கும். தற்காலிக மறதி வரலாம்.

டி.டி.சி.எஸ். அப்படியல்ல. உப்புநீரில் நனைத்த இரண்டு பஞ்சுகளைத் தலையில் கட்டி, 1 முதல் 2 மில்லி ஆம்பியர் நேர்மின்னோட்டத்தைச் சுமார் 20 நிமிடம் செலுத்துவார்கள். ஒரு சிறு இண்டிகேட்டர் எல்.இ.டி.க்கு வேண்டிய 20 மில்லி ஆம்பியரில் பத்தில் ஒரு பங்குதான்! வலிப்பு உண்டாக்குவது இதன் நோக்கமல்ல; நோயாளி விழித்தே இருப்பார். நரம்பணு எவ்வளவு எளிதில் தூண்டப்படும் என்பதை மட்டும் இது மாற்றுகிறது. அரிப்பு, லேசான எரிச்சல் உண்டு. மருந்துக்கு அடங்காத காதுக்குரலுக்கு இதை நம் ஊர் நிம்ஹான்ஸில் ஆராய்ந்து வருகிறார்கள். சிலருக்குப் பலன் தருகிறது, எல்லோருக்கும் அல்ல.

டி.ஏ.சி.எஸ். என்பது திசை மாறி மாறிப் பாயும் மெல்லிய மின்னோட்டம். மூளையின் தாளத்தோடு இசைய முயல்வது. இன்னும் பெரும்பாலும் ஆராய்ச்சி நிலையில்தான் உள்ளது. டி.எம்.எஸ். முறையில் தோலில் மின்முனையே கிடையாது. காந்தச் சுருள்தான் மூளைக்குள் மின்னோட்டத்தைத் தூண்டும்.

ஒரு எச்சரிக்கை. நேர்மின்னோட்டம்தானே என்று பேட்டரியை வைத்து வீட்டில் முயன்று பார்க்காதீர்கள். தோல் வெந்துபோகும், எங்கே, எவ்வளவு, எத்தனை நாள் என்பது மருத்துவர் கணக்கு.

மறுநாள் அந்த அம்மாவுடன் நானும் போனேன். சீட்டில் எழுதியிருந்தது டி.டி.சி.எஸ். டாக்டரிடம் எல்லாம் கேட்டுக்கொண்டோம். குரல் நின்றுவிடும் என்று அவரும் உறுதி சொல்லவில்லை. ஆனால் வெளியே வந்ததும் அந்த அம்மா, "ஊருக்கு இப்போ போகலைண்ணா, வைத்தியம் பார்க்கலாம்" என்றார்.