கலப்படத்தில் கரையும் கித்துல் பாணி

கனடாவிலிருந்து வரும் உறவினர்கள் மேப்பிள் பாணிப் போத்தல்களைப் பரிசாகக் கொண்டுவருவது இப்போது வழக்கமாகிவிட்டது. மேப்பிள் மரத்தின் சாற்றை மட்டுமே காய்ச்சிச் சுண்டவைத்த பாணிக்கே அப்பெயரை இடலாம் என்பது அந்நாட்டுச் சட்டம். சோளப்பாகில் மணமூட்டிச் செய்வதை வேறு பெயரில்தான் விற்க வேண்டும். அதற்கு எவ்வகையிலும் குறையாத பாணியொன்று மாத்தளை மாவட்டத்தில், ரத்தோட்டைக்கு அப்பால் நக்கிள்ஸ் மலைச்சரிவுகளில் காய்ச்சப்படுகின்றது. அதுவே கித்துல் பாணி. ஆனால் அப்பெயரில் கடைகளில் கிடைப்பவற்றுள் சீனிப்பாகு கலந்தவை ஏராளம்.

கண்டி இராச்சியத்தில் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயரான ரொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளியான தமது நூலில் இம்மரத்தையும் அதன் இனிய சாற்றையும் அதிலிருந்து ஆக்கப்படும் கருப்பட்டியையும் விவரித்துள்ளார். செய்முறை பெரிதும் மாறிவிடவில்லை. மரத்தோடு கட்டிய கம்புகளைப் படியாகக் கொண்டு உயரே ஏறி, விரியாத பாளையின் அடியில் கீறி, மருந்துக் கலவை வைத்துக் கட்டுகின்றனர். மிளகு, உப்பு, சுண்ணாம்பு, சாம்பல் என அக்கலவை குடும்பத்துக்குக் குடும்பம் வேறுபடும்; பலர் அதனை வெளியே சொல்வதுமில்லை. சில நாட்களின் பின் பாளையின் நுனியைச் சீவப் பதநீர் சுரக்கின்றது. அதன்பின் காலையும் மாலையும் ஏறிச் சீவியாக வேண்டும். மழையில் வழுக்கும் மரத்தில் தவறினால் உயிரே போகும். பதநீர் புளித்துக் கள்ளாகாதிருக்க முட்டியில் ஹல் மரப்பட்டையை இடுவர். இறக்கியதும் தாமதமின்றி விறகடுப்பில் ஏற்ற வேண்டும்.

ஒரு லீற்றர் மேப்பிள் பாணிக்கு ஏறத்தாழ 40 லீற்றர் சாறு தேவை. கித்துல் பதநீரில் இனிப்பு மிகுதியாதலால் ஏழெட்டு லீற்றரே போதுமானது. எனினும் மேப்பிள் மரத்தில் எவரும் உச்சிவரை ஏறுவதில்லை. கித்துல் மரமோ பத்தாண்டுகளுக்கு மேல் வளர்ந்த பின்னரே பூக்கும். உச்சியிலிருந்து கீழ்நோக்கிப் பாளைகளை ஈன்று, கடைசிப் பாளையோடு பட்டுப்போகும். இத்தனையையும் கழித்துவிட்டுச் சீனியின் விலைக்குப் பாணி தர எவராலும் இயலாது. கலப்படப் போத்தல் மலிவாக விற்கும்போது வாங்குபவர் ஏமாறுவது ஒருபுறமிருக்க, மரமேறுபவரின் கூலியே முதலில் அடிபடுகின்றது. பிள்ளைகள் இத்தொழிலுக்கு வர மறுப்பதில் வியப்பென்ன?

நீரில் துளியாக விட்டுப் பார்ப்பது போன்ற வீட்டுச் சோதனைகளை நம்புவதற்கில்லை. ஆனால் ஆய்வுகூட வழி உண்டு. கரும்பு வளியிலிருந்து காபனை உட்கொள்ளும் முறை பனையினங்களின் முறையிலிருந்து வேறானது. எனவே கரும்புச் சீனி கலந்தால் காபன் 13இன் விகிதம் அதனைக் காட்டிக்கொடுத்துவிடும். தேனிலும் மேப்பிள் பாணியிலும் இவ்வாறே கலப்படம் பிடிக்கப்படுகின்றது. தென்னம்பாணியைக் கலந்தால் மட்டும் இச்சோதனை உதவாது. இரண்டும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். சந்தைப் போத்தல்களை அவ்வப்போது இவ்வாறு சோதித்து, கலந்தவற்றைக் 'கித்துல் சுவைப் பாகு' என்றே விற்கச் செய்தால் பாதிச் சிக்கல் தீரும்.

உண்மைப் பாணியை ஒருமுறை சுவைத்தவர் அதனை மறப்பதரிது. சீனிப்பாகு நாவில் இனித்துவிட்டு அத்துடன் நின்றுவிடும். கித்துலில் விறகுப்புகையின் மணமும், முடிவில் மெல்லியதொரு கசப்பும் தங்கும். எருமைத் தயிரின் புளிப்போடு சேரும்போதே அது முழுதாகப் புலப்படும். ரிவர்ஸ்டன் பக்கம் செல்வோர், காய்ச்சுபவரின் வீட்டிலேயே ஒரு போத்தல் வாங்கி, கடைப் போத்தலையும் அருகில் வைத்துச் சுவைத்துப் பார்க்கலாம்.