எவுசுகல்துன்: ஒரு சொல்லும் ஓர் இனத்தின் உரிமையும்

ஓர் இனத்தார் தன்னாட்சி வேண்டுங்கால் முதற்கண் எழும் வினா, அவ்வினத்தார் யாவர் என்பதே. பிரனீசு மலையின் இருமருங்கும் வாழும் பாசுக்கு மக்களின் வரலாறு இவ்வினாவிற்கு மூன்று விடைகளைத் தருகின்றது. அவற்றை அம்மக்கள் வழங்கும் சொற்களின் துணைகொண்டு ஈண்டு ஆராய்வோம்.

பாசுக்கு நிலத்தின் ஏழு பகுதிகளுள் நான்கு இசுப்பானியாவிலும் மூன்று பிரான்சிலும் அடங்கும். அவர்தம் மொழி எவுசுகரா. இன்று வழங்கும் எம்மொழியோடும் அதற்கு உறவு நிறுவப்பட்டிலது. அதன் முதல் அச்சுநூல் 1545இல் வெளிவந்தது. அம்மக்கள் தம்மைக் குறிக்க வழங்கும் பழஞ்சொல் 'எவுசுகல்துன்'. ஈற்றிலுள்ள 'துன்' என்பது, உடைமைப் பொருள் தரும் வினையின் பெயரெச்ச வடிவினின்று போந்தது. 'திருதுன்' எனின் பணமுடையார் என்பது பொருள். (ஆண்டுள்ள 'திரு' இலத்தீன் வழி வந்தது, நம் 'திரு'வோடு தொடர்பிலது.) ஆகவே எவுசுகல்துன் என்பார் எவுசுகராவை உடையார். 'தமிழர்' என்னும் பெயரும் மொழியடியாகப் பிறந்ததே. எனினும் உடைமைப் பொருள் அதன்கண் வெளிப்பட நில்லாது. பாசுக்குச் சொல்லின்படியோ, மொழியை இழந்தார் பெயரையும் இழப்பர்.

1895இல் பாசுக்குத் தேசியக் கட்சியைத் தோற்றுவித்த சபினோ அரானா (1865–1903) இவ்விடையை ஏற்றிலர். பில்பாவோவின் சுரங்கங்களையும் ஆலைகளையும் நாடிப் பிறபகுதி மக்கள் பெருந்தொகையாகக் குடியேறிய காலம் அது. அவர் குருதியையே முதன்மையாகக் கொண்டு, 'எவுசுகோத்தார்' என்னும் புதுச்சொல்லைப் படைத்தார். முன்னோரின் குடிப்பெயர் கொண்டு பிறப்பை அளந்தார். அவரே எவுசுகராவைத் தாய்மொழியாகப் பெறாது பின்னர்க் கற்றவர் என்பது கருதத்தக்கது.

1936இல் கிட்டிய தன்னாட்சி, மறு ஆண்டே போரில் அழிந்தது. பிராங்கோவின் ஆட்சியில் எவுசுகரா கல்விக்கூடங்களினின்றும் பொதுவாழ்வினின்றும் விலக்கப்பட்டது. 1959இல் தோன்றிய எத்தா இயக்கத்தார் குருதியை விடுத்து மொழியையே இனத்தின் அடிப்படையாகக் கொண்டனர். அவ்வியக்கத்தின் வன்செயல்களால் 800க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2018இல் அது கலைந்தது. மொழிப்பணி வேறு நெறியில் நடந்தது. 'இக்காசுத்தோலா' எனப்படும் தாய்மொழிப் பள்ளிகள் பெருகின. 1968இல் அரான்சாசுவில் கூடிய மொழிக்கழகம், மிச்செலெனா என்னும் மொழிநூலறிஞரின் வழிகாட்டலால், வட்டார வழக்குகளுக்குப் பொதுவான எழுத்துமொழிக்கு அடிகோலியது. மொழியைக் கற்றுக்கொண்டாரைப் 'புதிய எவுசுகல்துன்' என அழைக்கும் வழக்கும் உண்டு. குடியேறியோர் மக்களுக்கும் இதனால் வாயில் திறந்தது.

மூன்றாம் விடை 1979ஆம் ஆண்டுத் தன்னாட்சிச் சட்டத்தில் உள்ளது. தன்னாட்சிப் பகுதியின் ஊர்களில் வாழ்வோர் என்று பதிவு பெற்றோர் யாவரும் அரசியல் நிலையில் பாசுக்கியரே என்பது அதன் துணிபு. எவுசுகராவும் இசுப்பானியமும் ஆட்சிமொழிகளாயின. இரண்டையும் அறியவும் வழங்கவும் யாவரும் உரிமை பெற்றனர். ஆயினும் இச்சட்டம் மூன்று பகுதிகளுக்கே உரியது. பிரான்சில் எவுசுகராவிற்கு ஆட்சிமொழி நிலை இல்லை.

குருதி என்னும் விடை பிறரை அடைத்தது. மொழி என்னும் விடை வருவார்க்கு இடந்தந்தது. ஆனால் மொழியிழந்த தன் மக்களைப் புறத்தே நிறுத்தியது. வாழிடம் என்னும் விடை அனைவரையும் தழுவியது; எனினும் அதனால் மட்டும் மொழி வாழாது. ஆதலின் குடியுரிமைக்கு வாழிடத்தையும், பண்பாட்டு உரிமைக்கு மொழியையும் அடிப்படையாகக் கொள்வதே பொருந்தும் என்பது நம் கருத்து. 'துன்' உடைமையைக் குறிக்குமேயன்றிப் பிறப்பைக் குறியாது என்னும் இலக்கணமும் இதற்கு அரணாகின்றது.