பாரிசில் பிழைத்த பில்வமங்கள்

கல்கத்தாவில் பிறந்த மௌனப் படம் ஒன்று புனேவுக்கு வந்து சேர்ந்த கதை

தந்தைக்குத் திதி கொடுத்த நாள். இரவில் புயல் மழை. ஆற்றின் அக்கரையில் இருக்கும் தாசி சிந்தாமணியைக் காணத் துடிக்கிறான் பில்வமங்கள். மிதந்து வரும் பிணத்தைக் கட்டை என்று பற்றிக்கொண்டு ஆற்றைக் கடக்கிறான். தொங்கும் பாம்பைக் கயிறு என்று பிடித்து மதில் ஏறுகிறான். இந்தப் பித்தைக் கடவுளிடம் காட்டக் கூடாதா என்று அவள் கேட்க, அவன் வாழ்க்கையே திசை மாறுகிறது.

ஊர் ஒப்பாத இந்தக் காதலை 1919-இல் மௌனப் படமாக எடுத்தது கல்கத்தாவின் எல்ஃபின்ஸ்டன் பயாஸ்கோப் கம்பெனி. இயக்கியவர் ருஸ்தம்ஜி தோத்திவாலா. நீளம் சுமார் 12,000 அடி. வங்காளத்தின் முதல் முழுநீளக் கதைப் படம் என்ற பெயர் நிலைத்தது, படம் நிலைக்கவில்லை.

கதைக்கு மட்டும் ஆயுள் கெட்டி. 1937-இல் ஒய்.வி. ராவ் அதைத் தமிழில் 'சிந்தாமணி' ஆக்கினார். தியாகராஜ பாகவதரின் பாட்டுக்காகக் கூட்டம் அலைமோதியது. ஓராண்டுக்கு மேல் ஓடிய படத்தின் லாபத்தில் மதுரையில் எழுந்ததுதான் சிந்தாமணி தியேட்டர்.

மௌனப் படத்தில் மிஞ்சியதோ பாரிசில், சினிமாதெக் பிரான்சேஸ் காப்பகத்தில் இருந்தது. புனேயில் 1964-இல் தொடங்கப்பட்ட தேசியத் திரைப்படக் காப்பகம் 2016-இல் அதன் டிஜிட்டல் பிரதியைப் பெற்றது. பண்டமாற்றாகப் போனது 1931-இல் வந்த 'ஜமாய் பாபு' என்ற நகைச்சுவைப் படம். கிடைத்தது 594 மீட்டர். அதாவது ஆறில் ஒரு பங்கு.

அதுவே பெரிய அதிர்ஷ்டம். இந்தியாவில் 1,300-க்கு மேற்பட்ட மௌனப் படங்கள் வந்தன. பிழைத்தவை மிகச் சில. அக்காலத்து நைட்ரேட் பிலிம் எளிதில் தீப்பற்றும், வைத்த இடத்திலேயே மக்கிப்போகும். ஓடி முடிந்த சுருள்கள் வெள்ளிக்காகவும் அழிக்கப்பட்டன. 2003 ஜனவரியில் புனே திரைப்படக் கல்லூரி வளாகத்தில் நடந்த தீ விபத்திலும் பழைய சுருள்கள் கருகின.

நாகர்கோவில் சுந்தர்ராஜ் தயாரித்த 'மார்த்தாண்ட வர்மா' (1933) காப்புரிமைத் தகராறில் முடங்கியது. 1974-இல் காப்பகத்தின் கைக்கு வந்தது. நடராஜ முதலியாரின் 'கீசக வதம்' படத்துக்கு அந்தக் கொடுப்பினைகூட இல்லை. தென்னிந்தியாவின் முதல் கதைப் படமான அதில் ஓர் அடிகூட மிஞ்சவில்லை.