கரியாலூர் வகுப்பறையில் ஒரு கேள்வி

இந்தியா 1947இல் விடுதலை பெற்றது, 1950இல் குடியரசானது. குடிமையியல் பாடத்தில் இவ்விரு ஆண்டுகளையும் மனனம் செய்யாத மாணவர் இரார். கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கல்வராயன் மலையிலுள்ள கரியாலூரில் ஒரு பழங்குடிச் சிறுவன் எழுந்து, "ஐயா, எங்கள் மலைக்கும் அதே ஆண்டுதானா?" என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். ஆசிரியர் என்ன விடை கூறுவார்?

உண்மையான விடை சற்றுச் சங்கடமானது. சென்னை மாகாணத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948இலேயே வந்தது. எனினும் இம்மலை ஜாகிர்தார்களின் பிடியிலேயே நீடித்து, 1976இல்தான் அரசின் நேரடி நிர்வாகத்திற்குள் வந்தது. அதுவும் எத்தகைய ஆண்டு! நாட்டில் நெருக்கடி நிலை. தமிழகத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு கலைக்கப்பட்டுக் குடியரசுத் தலைவர் ஆட்சி. நாடெங்கும் உரிமைகள் முடக்கப்பட்டிருந்த வேளையில் இம்மலையில் ஒரு பழைய அதிகாரம் முடிவுக்கு வந்தது. இதனைப் புகழ்ச்சியாக மட்டுமோ இகழ்ச்சியாக மட்டுமோ சொல்லிவிட முடியாது.

அதே 1976இல் நிறைவேறிய 42ஆவது திருத்தமே அடிப்படைக் கடமைகளை அரசியல் சாசனத்தில் சேர்த்தது. 51அ பிரிவின் முதற் கடமை சாசனத்தையும் கொடியையும் நாட்டுப்பண்ணையும் மதிப்பது. அதே பிரிவில் அறிவியல் மனப்பான்மையையும் ஆராய்ந்தறியும் உணர்வையும் வளர்ப்பதும் கடமையாகவே வைக்கப்பட்டுள்ளது. பத்திரிகைகள் தணிக்கைக்கு உட்பட்டிருந்த நாளில் ஆராயும் உணர்வு கடமையாக்கப்பட்டது என்பதையும் மாணவர் அறியலாம்.

கேள்வி கேட்பவரை எங்ஙனம் நடத்துவது? நம் அரபு மத்ரஸாக்கள் போதித்துவந்த முனாளராக் கலை இதற்கு ஒரு முறை வகுத்துள்ளது. அதில் வாதத்தை நிறுவுபவருக்கு எதிரே நிற்பவரின் பெயர் 'சாயில்', அதாவது கேட்பவர். கூற்றுக்குச் சான்று கேட்பது (மன்உ), தரப்பட்ட சான்று நில்லாதெனக் காட்டுவது (நக்ளு), எதிர்ச்சான்று வைப்பது (முஆரளா) ஆகிய மூன்றும் அவருக்குரிய உரிமைகள். உண்மை வெளிப்படுவதே நோக்கமாயின் அது முனாளரா. எதிராளியின் வாயை அடைப்பதே நோக்கமாயின் அது முஜாதலா. கரியாலூர்ச் சிறுவன் செய்தது முதலாவதாகிய மன்உ மட்டுமே. அவனை "உட்கார்" என்று அதட்டும் ஆசிரியர் முஜாதலாவில் இறங்கிவிடுகிறார்.

இங்கே நம்மவரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நம் சமுதாயப் பள்ளிகளில் கொடியேற்றம் குறைவின்றி நடக்கிறது, மகிழ்ச்சி. ஆனால் சந்தேகக் கண்களுக்கு அஞ்சி, நாட்டு நடப்பைக் குறித்த மாணவர் கேள்விகளை நாமே முந்திக்கொண்டு அடக்கிவிடுவதும் உண்டு. நானும் அடக்கியிருக்கிறேன். அச்சத்தால் வந்த மௌனத்தை நாட்டுப்பற்று என்று பிள்ளைகளுக்குக் கற்பித்துவிட்டோமோ என்னும் உறுத்தல் எனக்கு நீங்கவில்லை.

சட்டம் இவ்வளவு அஞ்சச் சொல்லவில்லை. 1985இல் கேரளத்தில் மூன்று கிறிஸ்தவக் குழந்தைகள், நாட்டுப்பண் இசைக்கப்படுகையில் மரியாதையுடன் எழுந்து நின்றும், தம் மத நம்பிக்கையின் காரணமாகப் பாடாதிருந்ததால் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டனர். பிஜோ இம்மானுவேல் வழக்கில் 1986 ஆகஸ்டில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், எழுந்து நின்றதிலேயே மரியாதை இருக்கிறது, பாடாமை அவமதிப்பாகாது என்று கூறி, அவர்களை மீண்டும் சேர்க்கப் பணித்தது. மரியாதைக்கும் மனச்சான்றுக்கும் ஒரே வகுப்பறையில் இடமுண்டு என்பதை நீதிபதிகள் ஆசிரியர்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது!

கரியாலூர் ஆசிரியர் கரும்பலகையில் 1947, 1950 ஆகியவற்றின் கீழ் 1976 என்றும் எழுதலாம். "ஏன் இத்தனை தாமதம்?" என்று அடுத்த கேள்வி வரும். அதற்கு ஒரு பாடவேளை போதாது.