ஏழு தொகுதிகள் கண்ட சட்டமன்ற உறுப்பினர்

பெக்கான் நானாஸ் வாக்காளருக்கு உறுப்பினர் இருவர். ஜொகூர்ச் சட்டமன்றத்தின் 56 இடங்களுள் ஒன்று அவ்வூரின் பெயராலேயே உள்ளது. நாடாளுமன்றத்திற்கோ தஞ்சோங் பியாய் தொகுதியில் வாக்களிக்கின்றனர். நிலம் போன்ற அன்றாடக் காரியங்கள் மாநிலத்தின் கையில் இருப்பதால், வீட்டு வாசலுக்கு அருகிலுள்ளவர் சட்டமன்ற உறுப்பினரே எனலாம். அவர் அத்தொகுதிக்காரராக இருத்தல் வேண்டுமா?

அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் வேட்பாளர் அத்தொகுதியில் குடியிருத்தல் கட்டாயம். இந்தியாவில் அப்படியில்லை, மாநிலத்தில் எங்கேனும் வாக்காளராக இருப்பவர் அம்மாநிலத்தின் எந்தச் சட்டமன்றத் தொகுதியிலும் பொதுவாக நிற்கலாம். இவ்விதியின் முழுப் பயனையும் பெற்றவர் கலைஞர் மு. கருணாநிதி.

1957-இல் குளித்தலையில் வென்று சட்டமன்றம் புகுந்த அவர், முதலில் பேசியது தம் தொகுதியைச் சேர்ந்த நங்கவரம் உழவர்களின் சிக்கலைப் பற்றியே. ஆனால் 1962-இல் அவர் நின்றது தஞ்சாவூரில்! பின்னர் சைதாப்பேட்டை, அண்ணாநகர், துறைமுகம், சேப்பாக்கம், திருவாரூர் என ஏழு தொகுதிகள்; 2016 முடிய 13 வெற்றிகள்; ஐந்து முறை முதலமைச்சர். தோல்வி ஒன்றுகூட இல்லை.

இந்தக் கணக்கை மட்டும் பார்ப்போர் எல்லாம் எளிதில் கிட்டிய வெற்றிகள் என்று மயங்கக்கூடும். 1980-இல் அண்ணாநகரில் அவரைக் காத்தவை 699 வாக்குகளே. 1991-இல் துறைமுகத்தில் 890. அவ்வாண்டு கட்சி படுதோல்வியுற்றதால், வென்ற இடத்தையும் துறந்தார். அதற்கு முன் 1983-இல், இலங்கைத் தமிழர் துயரை முன்னிட்டுப் பதவி விலகியதும் உண்டு. 1984 பொதுத் தேர்தலில் அவர் நிற்கவில்லை. அப்போது சட்ட மேலவையில் இருந்தார்.

இதற்கு நேர்மாறானவர் கேரளத்தின் உம்மன் சாண்டி. 1970-இல் புதுப்பள்ளியில் வென்றவர், 2023-இல் மறையும் வரை அதே தொகுதியின் உறுப்பினர். அங்கே ஊருக்கும் உறுப்பினருக்கும் உறவு முறை போன்றதொரு பிணைப்பு. கருணாநிதியைத் தேர்ந்தெடுத்தவர்களோ, தம் ஊர்க் குறைகளுக்கு மட்டும் உரிய ஆளைத் தேடவில்லை. மாநிலத் தலைவர் ஒருவருக்கு இடம் தந்தனர். குளித்தலைக்கு அவர் கிடைத்தது ஐந்தே ஆண்டுகள். ஊர் உழவனின் கண்கொண்டு பார்த்தால் இது நட்டந்தான்.

திருவாரூர் மட்டும் சற்று வேறு. அவர் பிறந்த திருக்குவளைக்கும் படித்த பள்ளிக்கும் உரிய அந்த மண்ணில் 2011-இல்தான் நின்றார். அப்போது வயது 86. 2016-இல் அங்கே 68,366 வாக்குகள் கூடுதலாகப் பெற்றார். அவ்வாண்டின் இறுதியில் நோயுற்றார். 2018 ஆகஸ்ட் 7-இல் மறைந்தார். காலியான இடத்துக்கு 2019 ஏப்ரலில் இடைத்தேர்தல் நடந்தது.