திரையில் சுற்றும் பம்பை யார் சுற்றுகிறார்கள்?

2026 அக்டோபர் 13-ஆம் தேதியோடு, விண்டோஸ் 10-இன் 2016 எல்.டி.எஸ்.பி. பதிப்புக்கு மைக்ரோசாஃப்ட் தந்துவரும் பாதுகாப்புத் திருத்தங்கள் நிற்கின்றன. வீட்டில் கணினி வைத்திருப்பவர்கள் இந்தப் பதிப்பின் பெயரைக்கூடக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அடிக்கடி மாறித் தொல்லை தராது என்பதற்காகவே ஆலைகளின் ஸ்காடா கணினிகளில் இதைப் போட்டுக் கொடுத்தார்கள். தேதி நெருங்குகிறது என்றதும் கணினியோடு ஸ்கிரீன்களையும் புதிதாக வரைந்து தருகிறோம் என்று கொட்டேஷனோடு ஆட்கள் கிளம்பிவிட்டார்கள். அதையொட்டி வந்த கடிதங்கள் மேசையில் சேர்ந்துவிட்டன. தேதி தாண்டினால் ஸ்கிரீன் அணைந்துவிடுமா என்கிறார் ஒருவர். புதிய ஸ்கிரீனில் பம்ப், ஃபேன், கன்வேயர் எல்லாம் நிஜம்போலவே ஓடுமாம், அது நல்லதுதானே என்கிறார் இன்னொருவர். பழையதில் ஓடினால் சிவப்பு, புதியதில் ஓடினால் பச்சை, எங்கள் ஆட்கள் குழம்பிப் போகிறார்கள் என்று மூன்றாமவர் வருந்துகிறார்.

முதல் கேள்விக்கு உடனே பதில்: அணையாது. அக்டோபர் 14 காலையிலும் அந்தக் கணினி நேற்றைப் போலவே ஓடும். அதன்பின் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க வழக்கமான திருத்தங்கள் வராது, அவ்வளவுதான். அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் ‘ஸ்கிரீன் செத்துவிடும்’ என்று சொல்லி விற்பவரிடம் விலை பேசும் முன் கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு உட்காருங்கள்.

ஸ்காடா என்றால் என்ன, பி.எல்.சி. என்ன செய்யும், டேக் என்றால் என்ன என்பதையெல்லாம் இங்கே விளக்கப் போவதில்லை. கடிதம் எழுதியவர்களில் பாதிப் பேர் என்னைவிட நன்றாக அறிந்தவர்கள். நான் பிடித்துக்கொள்வது இரண்டாவது கேள்வியை. நிஜம்போல ஓடும் என்றால், எந்த நிஜம்?

ஓடச் சொன்னது வேறு, ஓடுவது வேறு

1979 மார்ச் 28, அதிகாலை 4 மணி. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தின் இரண்டாவது உலை. தண்ணீர் அனுப்பும் பம்புகள் நின்றதால் உலைக்குள் அழுத்தம் ஏறியது. அழுத்தத்தை வெளியேற்றும் வால்வு தானாகத் திறந்தது. அதுவரை எல்லாம் முறைப்படிதான். அழுத்தம் இறங்கியதும் ‘மூடிக்கொள்’ என்று வால்வுக்குச் சிக்னல் போனது. கன்ட்ரோல் ரூம் பேனலில் அந்த வால்வுக்கான விளக்கும் அணைந்தது. விளக்கு அணைந்தால் வால்வு மூடிவிட்டது என்றுதானே எவரும் நினைப்பார்கள்?

வால்வு மூடவில்லை. திறந்தபடியே சிக்கிக்கொண்டது. சுமார் 2 மணி 20 நிமிடம் கழித்து, அதற்கு முன்னால் இருந்த தடுப்பு வால்வை ஒருவர் மூடும்வரை குளிர்விக்கும் நீர் அந்த வழியாகப் போய்க்கொண்டே இருந்தது. உலையின் உட்பகுதியில் ஏறக்குறைய பாதி உருகியது.

அந்த விளக்கு பொய் சொல்லவில்லை. தன்னிடம் கேட்கப்பட்டதை மட்டும் சொன்னது. அதன் ஒயர் வால்வின் தண்டிலிருந்து வரவில்லை, வால்வை இழுக்கும் சோலனாய்டுக்குப் போகும் மின்சாரத்திலிருந்து வந்தது. மின்சாரம் பாய்ந்தால் எரியும், நின்றால் அணையும். வால்வு எங்கே நிற்கிறது என்பது அந்த விளக்குக்குத் தெரியவே தெரியாது. இதில் வேதனை என்னவென்றால், அந்த விளக்கே ஒரு பாடத்தின் பலனாக வைக்கப்பட்டது. 1978 மார்ச்சில் அதே உலையில் அதே வால்வு ஒருமுறை திறந்துகொண்டது, பேனலில் எந்த அடையாளமும் இல்லை. அதனால்தான் விளக்கு போட்டார்கள். போட்டவர்கள் கைக்கு எட்டிய ஒயரில் மாட்டிவிட்டார்கள்.

நாற்பத்தைந்து ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. இன்று அந்த விளக்கின் இடத்தில் அழகான வால்வு படம், திறந்தால் பச்சை, மூடினால் சாம்பல், நடுவில் நீல நீர் ஓடும். படம் முன்னேறியிருக்கிறது. ஒயர் முன்னேறியதா என்பதை உங்கள் ஆலையின் ஒயரிங் டிராயிங்கைப் பிரித்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

நானே ஒருமுறை பார்த்தேன். ஊர், பெயர் வேண்டாம். கழிவுநீர் சுத்திகரிக்கும் இடம். ஸ்கிரீனில் மூன்று பம்புகளில் இரண்டாவது ஜோராகச் சுற்றிக்கொண்டிருந்தது. வெளியே போய்ப் பார்த்தால் அங்கே வெறும் பேஸ் பிளேட், நான்கு போல்ட், துணியால் கட்டிய கேபிள் முனை. மோட்டார் ரீவைண்டிங்குக்குப் போய் நான்கு நாள் ஆகியிருந்தது. ஆபரேட்டரிடம் கேட்டேன். “ஸ்கிரீன்ல ஓடுதுங்க, சைட்ல இல்லீங்க” என்றார், மழை பெய்கிறது என்று சொல்வதுபோல. தொட்டியில் மட்டம் ஏறியதும் பி.எல்.சி. ‘ஓடு’ என்கிறது, அந்த ‘ஓடு’ என்ற கட்டளையிலேயே படத்தைச் சுற்ற விட்டிருந்தார்கள்.

சரி, எதைக் கொண்டு சுற்ற வைப்பது?

ஒரு பம்பைப் பற்றிக் கன்ட்ரோல் ரூமுக்கு ஐந்து விதமான சேதிகள் வர முடியும். ஓடச் சொல்லியாயிற்று என்பது முதல் சேதி. அது பி.எல்.சி.யின் அவுட்புட், தன்னிடமே தான் கேட்டுக்கொள்வது. அடுத்தது, கான்டாக்டர் இழுத்துவிட்டது என்பது. கான்டாக்டரின் பக்கவாட்டில் இருக்கும் ஆக்சிலரி கான்டாக்டிலிருந்து வரும். பெரும்பாலான இடங்களில் ‘ரன் ஃபீட்பேக்’ என்று பெருமையாகச் சொல்லப்படுவது இதுதான். இதையும் நம்பிவிட வேண்டாம். மோட்டார் பக்கத்தில் இருக்கும் ஐசொலேட்டரை யாராவது பராமரிப்புக்காக ஆஃப் செய்து வைத்திருந்தால், எம்.சி.சி. அறையில் கான்டாக்டர் ‘டக்’கென்று இழுக்கும், ஃபீட்பேக் வரும், ஸ்கிரீனில் சக்கரம் சுற்றும், மோட்டார் மட்டும் சிலைபோல நிற்கும்.

மூன்றாவது ஆம்பியர். அது வந்தால் ஐசொலேட்டர் கதை முடிந்தது. ஆனால் பெல்ட் அறுந்தாலும் கப்ளிங் உடைந்தாலும் மோட்டார் வெறுமனே ஓடும். ஆம்பியர் குறையுமே தவிரப் பூஜ்யம் ஆகாது. நான்காவதாகத் தண்டு சுற்றுகிறதா என்று பார்க்கும் ஜீரோ ஸ்பீடு சுவிட்ச். கன்வேயர்களிலும் பக்கெட் எலிவேட்டர்களிலும் இதை வைக்கிறார்கள். ஐந்தாவது, பம்பை எதற்கு வைத்தோமோ அது நடக்கிறதா என்பது: டெலிவரி குழாயில் அழுத்தம், ஃப்ளோ. தண்டு சுற்றியும் தண்ணீர் போகாத பம்புகளைப் பார்த்தவர்கள்தான் நாம் எல்லோரும்.

ஒவ்வொரு படி ஏறும்போதும் ஒரு சென்ஸார், ஒரு கேபிள், ஒரு இன்புட் கூடுகிறது. கொட்டேஷனில் முதலில் வெட்டப்படுவதும் அவைதான். படத்தைச் சுற்ற வைக்கச் செலவே இல்லை, அதனால் அது எப்போதும் இலவசமாகக் கிடைக்கும்.

வால்வுக்கு இந்த வகையில் பழைய தந்திரம் ஒன்று உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. திறந்த முனையில் ஒரு லிமிட் சுவிட்ச், மூடிய முனையில் இன்னொன்று. இரண்டு சுவிட்சுக்கு நான்கு நிலை. முதலாவது மட்டும் ஆன் என்றால் திறந்திருக்கிறது. இரண்டாவது மட்டும் என்றால் மூடியிருக்கிறது. இரண்டும் இல்லையென்றால் நடுவழியில் இருக்கிறது. குறித்த நேரத்துக்கு மேலும் அப்படியே இருந்தால் சிக்கிக்கொண்டது. இரண்டுமே ஆன் என்றால் அப்படி ஒரு நிலை உலகத்திலேயே இல்லை, எனவே சுவிட்சோ ஒயரோ கெட்டுவிட்டது. வெறும் இரண்டு சுவிட்ச் தன் பொய்யைத் தானே காட்டிக்கொடுக்கிறது! ஆனால் ஸ்கிரீன் வரைபவர் பச்சை, சாம்பல் என்று இரண்டே படம் வைத்திருந்தால் மற்ற இரண்டு நிலைகளும் எங்கே போய் ஒட்டிக்கொள்ளும்? பெரும்பாலும் ‘மூடியது’ என்பதோடு.

எதிர்த்திசையிலும் இந்தத் தவறு நடக்கும். 1994 ஜூலை 24 அன்று வேல்ஸ் நாட்டின் மில்ஃபோர்டு ஹேவன் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில், ஒரு கட்டுப்பாட்டு வால்வு திறந்திருப்பதாகக் கணினி காட்டியது, அது மூடியே இருந்தது. போக வழியில்லாத திரவம் சேர்ந்துகொண்டே போய் வெடித்தது, 26 பேர் காயமடைந்தார்கள். வெடிப்புக்கு முந்தைய கடைசிப் பதினொரு நிமிடத்துக்குள் ஆபரேட்டர்கள் முன் 275 அலாரங்கள் அடித்தன.

ஒயர் சரியாக இருந்தும் பொய் சொல்லும் படம்

கடிதங்களில் யாருமே கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். என்னை உறுத்துவது இதுதான்.

ஸ்கிரீனில் சுற்றும் சக்கரத்தைச் சுற்றுவது ஆலை இல்லை, அந்தக் கணினிக்குள் இருக்கும் கடிகாரம். முன்பு மூன்று நான்கு படங்களை வரைந்து ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டினார்கள், இப்போது ஒரே படத்தைக் கோணம் மாற்றித் திருப்புகிறார்கள். எப்படியானாலும் ‘ரன் டேக் 1 என்றால் சுற்றிக்கொண்டே இரு’ என்பதுதான் கட்டளை. பி.எல்.சி.யோடு இருக்கும் இணைப்பு அறுந்துவிட்டது என்று வையுங்கள். கடைசியாக வந்த 1 அப்படியே நிற்கிறது. சக்கரமோ நிற்காமல் சுற்றுகிறது. எண்ணாக இருந்தால் அசையாமல் நின்று ஒருவேளை காட்டிக்கொடுக்கும். அசையும் படம் ‘நான் உயிரோடு இருக்கிறேன்’ என்று ஒவ்வொரு நொடியும் சத்தியம் செய்கிறது. செத்துப்போன தகவலுக்கு இதைவிட நல்ல வேஷம் கிடையாது.

தகவலோடு அதன் தரத்தையும் அனுப்பும் ஏற்பாடு பல ஆண்டுகளாகவே இருக்கிறது. ஓ.பி.சி. முறையில் ஒவ்வொரு டேக்குடனும் ‘நல்லது, சந்தேகம், கெட்டது’ என்ற குறிப்பும் நேரமும் சேர்ந்தே வரும். படம் வரைபவர் அந்தக் குறிப்பைப் படத்தோடு கட்ட வேண்டும்: தரம் கெட்டால் சக்கரம் நின்று, மேலே குறுக்குக்கோடு விழ வேண்டும். கட்டுகிறார்களா என்பதுதான் கேள்வி.

இன்னும் சிக்கனமான வழி ஒன்று சில பழைய புரோகிராமர்களிடம் உண்டு. பி.எல்.சி.க்குள் நொடிக்கு ஒன்று கூடும் எண் ஒன்றை வைத்து, அந்த எண்ணைக் கொண்டே சக்கரத்தின் கோணத்தை மாற்றுவது. எண் வராவிட்டால் சக்கரமும் நகராது. கணினியின் கடிகாரத்துக்கு அங்கே வேலையே இல்லை. சக்கரம் வழவழவென்று சுற்றாது, கொஞ்சம் தத்தித் தத்தித்தான் திரும்பும். டெமோவில் பார்க்க அழகாக இருக்காது. அதனாலோ என்னவோ அதிகம் பார்க்க முடிவதில்லை. ஒரு எச்சரிக்கை: அந்த எண் பி.எல்.சி. உயிரோடு இருப்பதை மட்டுமே சொல்லும், தொலைவில் இருக்கும் ஐ.ஓ. பெட்டியோடு பி.எல்.சி.க்கே தொடர்பு அறுந்திருந்தால் அதைச் சொல்லாது. அதற்குத் தனிக் கண்காணிப்பு வேண்டும்.

வேண்டுமென்றே ஏமாற்ற வந்தவனிடம் இது எதுவும் நிற்காது என்பதும் உண்மை. 2010-இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் நிரலின் ஒரு பகுதி, ஈரானின் செறிவூட்டும் நிலையத்தைக் குறிவைத்து, 21 நொடி இயல்பான அளவுகளைப் பதிவுசெய்து, தாக்குதல் நடக்கும்போது அதையே திரும்பத் திரும்பக் காட்டும்படி எழுதப்பட்டிருந்தது.

சாதாரண ஆலைகளுக்கு இன்னும் பக்கத்தில் இருக்கும் ஆபத்து வேறு. ஸ்கிரீனை ஒப்படைக்கும் முன் அலுவலகத்திலேயே சோதிக்கும்போது அங்கே மோட்டார் கிடையாது. அதனால் ‘கட்டளை போனால் ஃபீட்பேக் வந்ததாக வைத்துக்கொள்’ என்று புரோகிராமில் ஒரு வரி எழுதிச் சோதிப்பார்கள். சோதனை நூற்றுக்கு நூறு. சைட்டுக்கு வந்ததும் அந்த வரியை எடுக்க வேண்டும். அவசரத்தில் மறந்தால், ஒயர், சென்ஸார், பணம் எல்லாம் போட்டும் மறுபடி த்ரீ மைல் ஐலண்ட் விளக்கேதான். இப்போதெல்லாம் ஒரு பம்பை வரைந்து முந்நூறு இடத்தில் ஒட்டுகிறார்கள் என்பதால் தவறும் முந்நூறு இடத்தில் ஒட்டும்.

அவர்கள் சொல்லும் சொற்கள்

‘ரியல் டைம்’ என்றால், குறித்த இடைவெளியில் போய்க் கேட்டு வாங்கி வந்த தகவல். இடைவெளி எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். ‘டிஜிட்டல் ட்வின்’ என்று விற்கப்படுவது பல சமயம் நிழல் போட்ட முப்பரிமாணப் படம். ‘ஐ.எஸ்.ஏ. 101-க்கு ஏற்ப’ என்பது கொஞ்சம் கௌரவமான வாசகம். 2015-இல் வந்த அந்தத் தரநிலை உண்மையிலேயே நல்ல ஆவணம். ஆனால் அது படத்துக்கு முத்திரை குத்தித் தரும் அலுவலகம் இல்லை. உங்கள் பம்ப் எந்த ஒயரில் சுற்றுகிறது என்பது உங்கள் ஆலையில் முடிவாகும் விஷயம். சொல்லப்போனால், அந்தச் சிந்தனையில் வளர்ந்தவர்கள் சக்கரத்தைச் சுற்றவே விடமாட்டார்கள். அசைவது எதுவோ அங்கே கண் ஓடும். இயல்பாக ஓடும் நாற்பது பம்புகளும் சுற்றிக்கொண்டிருந்தால், நின்றுபோன நாற்பத்தோராவதைக் கண் எப்படிப் பிடிக்கும்?

மீதிக் கேள்விகள்

ஓடினால் சிவப்பா, பச்சையா? மின்நிலைய வழக்கில் மின்சாரம் இருந்தால் சிவப்பு, மற்ற ஆலைகள் பலவற்றில் ஓடினால் பச்சை; ஒரே கன்ட்ரோல் ரூமில் இரண்டும் வேண்டாம்.

சிவப்பு-பச்சை பிரித்தறியாத ஆபரேட்டர் இருந்தால்? நிறத்தோடு வடிவமோ எழுத்தோ சேர்த்து மாற்றுங்கள்.

பின்னணி? வெளிர் சாம்பல்.

கண் சிமிட்டுவது எதற்கு? இன்னும் யாரும் ஏற்றுக்கொள்ளாத அலாரத்துக்கு மட்டும்.

பழைய ஸ்கிரீனை அப்படியே புதிய விண்டோஸுக்கு மாற்றலாமா? ஆக்டிவ்எக்ஸ், வி.பி.ஸ்கிரிப்ட் எவ்வளவு இருக்கிறது என்று எண்ணிப் பார்த்த பிறகு பேசுங்கள், வி.பி.ஸ்கிரிப்டைப் படிப்படியாக எடுத்துவிடப் போவதாக மைக்ரோசாஃப்டே அறிவித்திருக்கிறது.

படம் உண்மை சொல்கிறதா என்று எப்படிச் சோதிப்பது? ஷட்டவுனில், பொறுப்பாளர் அனுமதியோடு, ஐசொலேட்டரை ஆஃப் செய்து ஸ்டார்ட் கொடுங்கள். பிறகு நெட்வொர்க் கேபிளைக் கழற்றுங்கள். இரண்டு தடவையும் ஸ்கிரீனைப் பாருங்கள்.

எங்கள் பம்புக்கு ஃபீட்பேக் ஒயரே இல்லை, போடப் பணமும் இல்லை? சக்கரத்தை எடுத்துவிட்டு, படத்தின் கீழே ‘ஓடச் சொல்லியிருக்கிறது’ என்று எழுதச் சொல்லுங்கள்.